ஞானம்மாவின் இடது கன்னம்

கவரைப்பேட்டை
8-7-1973

மதிப்பிற்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு,

உங்கள் கையால் ஆபரேஷன் ஆன ஞானம்மா எழுதிக்கொள்வது. பத்தொன்பதாம் நம்பர் கட்டில் என்றால் உடனே ஞாபகம் வரும். கர்த்தர் கிருபையால் நைனா, அம்மா, நான் மூவரும் சுகம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். வார்டில் இருந்த பத்து நாளும் பார்த்தேனே, பகல் சாப்பாட்டை மூன்று மணிக்குத்தான் கையில் எடுத்தீர்கள்.

டிஸ்சார்ஜ் அன்று உங்கள் விலாசத்தை எழுதிப் பன்னிரண்டு இன்லண்டு லெட்டர் கொடுத்தீர்களே, அதில் இது முதலாவது. அதைப் பார்த்துவிட்டு நர்சம்மா கேலி செய்தார்கள்: "இன்னா ஞானம்மா, மாசா மாசம் டாக்டருக்கு லவ் லெட்டரா?" எனக்கே ஆச்சரியம்தான். மற்ற நோயாளிகள் யாருக்கும் நீங்கள் தபால் கொடுத்து நான் பார்க்கவில்லை.

நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எல்லாம் செய்து பார்த்தேன். இடது கண் முழுசாக மூடுகிறது. வாயில் காற்றை நிரப்பிக் கன்னத்தை உப்பினால் காற்று கசியவில்லை. விசில் அடித்துப் பார்க்கச் சொன்னீர்கள். ஊருக்குள் பெண்பிள்ளை விசில் அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். தட்டி மறைப்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது அடித்தேன். பக்கத்து வீட்டு நாய் ஓடி வந்துவிட்டது. ஆகவே விசிலும் நன்றாக இருக்கிறது. மூக்கோரத்திலிருந்து மேல் உதடு வரைக்கும் மட்டும் இன்னும் மரத்துப்போய்த்தான் கிடக்கிறது. காபி குடித்தால் உதட்டில் ஒட்டியிருப்பது தெரிவதில்லை. தழும்பை விரலால் அழுத்தினால் கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை.

ஆணி பாக்டரியில் பேக்கிங் வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதே ஆணி, அதே அட்டைப் பெட்டி. டெம்பரவரி ஆள் என்பதால் லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதனால்தான் மாதம் ஒருமுறை நேரில் வர முடியாமல் கடிதத்தில் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நைனா செய்கிற கூத்துதான் தாங்கவில்லை. வாட்ச்மேன் வேலை முடிந்து காலையில் வந்ததும் என்னை வாசலுக்கு இழுத்துப் போய், முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இன்னா நைனா, சந்தையில மாடு புடிக்கிற மாதிரி பாக்கற?" என்று கேட்டேன். "ஒன்னுமில்ல கண்ணு, தையலு ஆறிக்கினு வருதான்னு பாக்கறேன்" என்கிறார். தையல் பிரித்து மூன்று வாரம் ஆகிறது!

என் முகத்தைத் திருப்பிக் கொடுத்த உங்களுக்கு,
கீழ்ப்படிதலுள்ள,
த. ஞானம்மா


சென்னை
16-7-1973

அன்புள்ள ஞானம்மா,

உன் கடிதத்தை வார்டிலேயே நின்றுகொண்டு படித்தேன். நாய் ஓடி வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இருபதாம் நம்பர் பாட்டி என்னவென்று கேட்டார்கள். சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். ஆக, நீ இல்லாமலே வார்டைச் சிரிக்க வைத்துவிட்டாய்.

உதடு மரத்திருப்பதற்குப் பயப்படாதே. கட்டி இருந்த இடம் அப்படி. கண்ணுக்குக் கீழே எலும்பில் ஒரு சின்னத் துளை உண்டு. அதன் வழியாகத்தான் கன்னத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு வெளியே வருகிறது. உன் கட்டி அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தது. மூன்றே வாரத்தில் சுண்டைக்காயிலிருந்து நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்த கட்டியை, முகத்தில், அந்த இடத்தில், நான் அதுவரை பார்த்ததில்லை. நரம்பை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். அது மெல்ல விழித்துக்கொள்ளும். ஆறு மாதம் ஆகலாம்.

ஞாயிறுதோறும் அழுத்திப் பார். மிளகு அளவு ஏதாவது தட்டுப்பட்டாலும் உடனே எழுது. "மாசம் முடியட்டும்" என்று இருந்துவிடாதே. வேப்பெண்ணெய், மஞ்சள் எதையும் தடவாதே. யார் சொன்னாலும்.

நைனாவைத் திட்டாதே. பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. "கீழ்ப்படிதலுள்ள" எல்லாம் வேண்டாம். நான் ஊத்துக்கோட்டைக்காரி. உன் ஊருக்கும் என் ஊருக்கும் எவ்வளவு தூரம்? ஒன்பது வயதுதான் உனக்கு மூத்தவள். அக்கா என்று எழுது. வேளைக்குச் சாப்பிடச் சொல்ல எனக்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. ஹாஸ்டலில் யாரும் கேட்பதில்லை.

அன்புடன்,
செண்பகம்


கவரைப்பேட்டை
2-9-1973

அன்புள்ள அக்கா,

அக்கா என்று எழுதக் கை கூசியது. போன மாதம் ஒரு தடவை எழுதியபின் இப்போது பழகிவிட்டது. சாப்பிட்டீர்களா?

கண், கன்னம், விசில் எல்லாம் பழையபடியே. கட்டி எதுவும் இல்லை. உதட்டில் இப்போது எறும்பு ஊர்கிறது மாதிரி இருக்கிறது. நரம்பு விழிக்கிறது போல.

இனி நிஜமான சேதி. எனக்குக் கல்யாணம். இந்த மாதம் இருபத்தாறாம் தேதி. மாப்பிள்ளை பெயர் சாலமோன். எங்கள் பாக்டரியிலேயே கம்பி இழுக்கிற மெஷினில் இருக்கிறார். கவரைப்பேட்டையில் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்தான். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் நைனாவிடம் விசாரித்தாராம். நைனா எனக்குச் சொல்லவேயில்லை!

அவருடைய அம்மா விக்டோரியா அத்தை பெண் பார்க்க வந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து தழும்பை உற்றுப் பார்த்தார்கள். "இன்னாடி இது, மூஞ்சியில கத்தி பட்டிருக்குதே. திரும்ப வராதில்ல?" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வாசலில் இருந்தபடியே சொன்னார்: "அந்தத் தழும்பு இருக்கறதாலதான் ஷிப்ட் உட்டு வெளிய வர்ற நூறு பேர்ல இவளக் கண்டுபுடிக்கிறேன். உடும்மா." இப்படிப் பேசுகிறவரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை அக்கா. சந்தோஷமாகத்தான் சம்மதித்தேன்.

இன்று காலை கோயிலில் எங்கள் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் மூன்று ஞாயிறு எல்லோர் முன்னாலும் வாசிப்பார். என் பெயரைக் கேட்டதும் எனக்குக் காது சுட்டது. நைனா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். எந்தத் தகப்பனும் அழுவார்தான். ஆனால் இது வேறு மாதிரி அழுகை.

நீங்கள் கட்டாயம் வர வேண்டும். உங்களுக்கென்று தனியாகச் சைவச் சமையல் செய்ய அம்மா இப்போதே ஆள் பிடித்துவிட்டார்கள்.

உங்கள் தங்கை,
ஞானம்மா


சென்னை
6-9-1973

அன்புள்ள ஞானம்மா,

சாலமோன் பேசியதைப் படித்து மனம் நிறைந்தது. நல்லவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கல்யாணத்தை ஜனவரிக்குத் தள்ளி வை. ஓலை வாசித்தாகிவிட்டது என்பது தெரியும். இருந்தாலும் தள்ளி வை. காயம் உள்ளே முழுதாக ஆற ஆறு மாதமாவது வேண்டும். அதற்குள் உடம்பில் வேறு மாறுதல் எதுவும் வேண்டாம். மாறுதல் என்று எதைச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும்.

காரணத்தை இதற்குமேல் கேட்காதே. அக்கா சொன்னாள் என்று செய். வரும் வியாழக்கிழமை ஒரு நாள் லீவு போட்டு நேரில் வா. சீட்டைக் கிழித்தால் உன் மேனேஜருக்கு நானே கடிதம் எழுதுகிறேன்.

அன்புடன்,
செண்பகம்


கவரைப்பேட்டை
7-10-1973

அன்புள்ள அக்கா,

சொன்னபடி செய்துவிட்டேன். கல்யாணம் ஜனவரிக்குப் போய்விட்டது. இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை. கோயிலில் எல்லோரும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

விக்டோரியா அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்று, "கட்டி திரும்ப வந்துகினு இருக்குது, மறைக்கிறாங்க. இல்லாங்காட்டி ஓலை போட்ட கல்யாணத்த எவனாச்சும் நிறுத்துவானா?" என்று தெருவுக்கே கேட்கும்படி பேசிவிட்டுப் போனார்கள். நான், "அப்படி ஒன்னுமில்ல அத்தை, டாக்டரம்மா எனக்கு அக்கா மாதிரி. இருந்தா எங்கிட்டச் சொல்லாம இருப்பாங்களா?" என்றேன். நைனா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாலமோனும் மாறிவிட்டார். அதுதான் பேஜாராக இருக்கிறது. முன்பெல்லாம் கேண்டீனில் நாஷ்டா நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பார். இப்போது பார்க்கிறார், சிரிப்பதில்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. "டாக்டரு சொன்னாங்க" என்பதை எத்தனை தடவை சொல்வது?

அக்கா, ஒன்று கேட்டுவிடுகிறேன். அந்த வியாழக்கிழமை நான் வந்தபோது, தழும்புக்குக் கீழே உங்கள் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. அது தையல் நூலின் முடிச்சு, கரைந்துவிடும் என்று சொன்னீர்கள். நம்பினேன். ஆனால் அது முடிச்சு என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் உங்கள் கை நடுங்கியது. என் கன்னத்தில்தானே இருந்தது உங்கள் விரல், எனக்குத் தெரியாதா? நீங்கள் கத்தி பிடிக்கிறவர். ஒரு முடிச்சுக்கா நடுங்குவீர்கள்?

நீங்கள் சொல்லாவிட்டால் ஏதோ காரணம் இருக்கும் என்று இருக்கிறேன். கன்னம், கண், விசில் சரி. கட்டி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
ஞானம்மா


சென்னை
24-11-1973

என் அருமை ஞானம்மா,

இன்று காலை லண்டனிலிருந்து தபால் வந்தது. அதை மூன்று தடவை படித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். இனி உன்னிடம் மறைக்க எதுவும் இல்லை. முதலிலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படி.

ஜூன் மாதம் உன் கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வந்த ரிப்போர்ட்டில் புற்று என்று இருந்தது. சதையில் வரும் கெட்ட புற்று. அப்படியானால் நான் செய்த ஆபரேஷன் போதாது. கன்னத்துச் சதையை முழுதாகவும், கீழே இருக்கும் எலும்பையும், ஒருவேளை இடது கண்ணையும் எடுக்க வேண்டும். எங்கள் தலைமை டாக்டர் தேதிகூடக் குறித்துவிட்டார்.

எனக்கு மனது ஒப்பவில்லை. புற்று இவ்வளவு வேகமாக வந்து, தொட்டால் வலித்து, இவ்வளவு சின்னதாக நிற்குமா என்று உறுத்திக்கொண்டே இருந்தது. லைப்ரரியில் பழைய சஞ்சிகைகளைத் தேடினேன். ஒரு கட்டியைப் பற்றி எழுதியிருந்தார்கள். தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் திடீரென்று முளைத்து மளமளவென்று வளரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அசல் புற்று மாதிரியே தெரியும். ஆனால் புற்று இல்லை. எடுத்துவிட்டால் அதோடு தீர்ந்தது. பெரும்பாலும் முன்கையில்தான் வருமாம். முகத்தில் வருவது அபூர்வம். அதனால்தான் நம்மவர்கள் யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை.

உன் கட்டியைச் சீவி வைத்திருந்த கண்ணாடித் துண்டை, அந்த வகைக் கட்டிகளை நிறையப் பார்த்த ஒரு பேராசிரியருக்கு லண்டனுக்கு அனுப்பினேன். தலைமை டாக்டர், "பதில் வருவதற்குள் கட்டி திரும்ப வந்தால் அந்தப் பெண்ணின் உயிர் உன் கணக்கில்" என்றார். சரி என்றேன். ஒரு மாதத்தில் வரும் என்று நினைத்த பதில் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. அதற்குத்தான் அந்த இன்லண்டு லெட்டர்கள், ஞாயிற்றுக்கிழமைச் சோதனை, கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொன்னது எல்லாம். உன் கடிதம் வரும் நாளில், "கட்டி இல்லை" என்ற வரியை முதலில் தேடிப் படித்துவிட்டுத்தான் மேலே உள்ளதைப் படிப்பேன்.

இன்று அவர் எழுதியிருக்கிறார்: சந்தேகமே இல்லை, புற்று இல்லை. ஞானம்மா, உனக்கு ஒன்றும் இல்லை! நாளைக்கே கல்யாணம் செய்துகொள். பத்துப் பிள்ளை பெற்றுக்கொள்.

இது உன் நைனாவுக்கு மட்டும் தெரியும். ஜூன் மாதமே அவரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அதுக்குத் தெரிய வேணாம்மா, தாங்காது" என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். அடுத்த முறை வேறொரு டாக்டருக்கு இந்த நினைப்பு வர அது உதவும். உன் போட்டோவைப் போட அனுமதி வேண்டும். கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைத்துவிடுவார்கள், பெயர் இருக்காது. உடனே எழுது. சாலமோனுக்கு என் வாழ்த்தைச் சொல்.

சந்தோஷத்தில் கையெழுத்து கோணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள்.

உன் அக்கா,
செண்பகம்


சென்னை
15-12-1973

அன்புள்ள ஞானம்மா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. முதல் வாரம் தபால் தவறியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் கல்யாண வேலை என்று நினைத்தேன். இப்போது எனக்குப் புரிகிறது.

என் கடிதத்தின் நகல் ஒன்றும் என்னிடம் இல்லை. ஆனால் எழுதியதை மனதுக்குள் திரும்பப் படித்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக என் பயம், என் அழுகை, என் சந்தோஷம். உனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. கடைசியில் போட்டோ வேறு கேட்டிருக்கிறேன். அதை மறந்துவிடு.

நான் எடுத்த முடிவு தப்பாகப் போயிருந்தால் போகிற உயிர் உன்னுடையது. உன்னைக் கேட்காமலே எடுத்தேன். நீ தாங்கமாட்டாய் என்று நானும் உன் நைனாவும் வராந்தாவில் நின்று தீர்மானித்துவிட்டோம். தாங்கமாட்டேன் என்று நீ எங்களிடம் எப்போது சொன்னாய்?

உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து. பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

செண்பகம்


கவரைப்பேட்டை
20-1-1974

அன்புள்ள அக்கா,

இரண்டு தடவை "டாக்டரம்மா" என்று ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். இன்லண்டு லெட்டர் வீணாகிறது. அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

போன ஒன்பதாம் தேதி எங்கள் கல்யாணம் நடந்தது. உங்களுக்குப் பத்திரிகை அனுப்பவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றேதான். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். என் கல்யாணத்தன்று நான் கோபமாக இருக்க விரும்பவில்லை.

உங்கள் நவம்பர் கடிதத்தைப் பாக்டரி கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் படித்தேன். எனக்கு ஒன்றும் இல்லை என்ற சந்தோஷம் வரவேயில்லை. ஐந்து மாதம் நான் சிரித்ததும், விசில் அடித்ததும், புடவை எடுத்ததும் எல்லாம் பொய் மாதிரி ஆகிவிட்டது. என் கன்னத்துக்குள் என்ன இருக்கிறது என்று மெட்ராசில் தெரியும், லண்டனில் தெரியும், என் நைனாவுக்குத் தெரியும். அதைச் சுமந்துகொண்டு ஆணி அடுக்கிக்கொண்டிருந்த எனக்குத் தெரியாது. விக்டோரியா அத்தை தெருவில் நின்று பேசியது பாதி நிஜம். அவர்களிடம் நான் உங்கள் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்த மாதிரிப் பேசினேனே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய் நைனாவைக் கேட்டேன். "ஏன் நைனா எங்கிட்ட மறைச்ச?" அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "ஊட்ல நீ சிரிச்சிகினு இருந்த. அதக் கெடுக்க எனக்கு வாய் வர்ல கண்ணு" என்றார். அவரோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்து வழக்கம்போல என் முகவாயைத் தொடக் கையை நீட்டினார், நடுவிலேயே இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. நானே போய் முகத்தைக் காட்டினேன்.

சாலமோனிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ரயிலடி பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு, "ஒருவேள அது புற்றுன்னே பதில் வந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?" என்று கேட்டார். "ஒங்ககிட்டச் சொல்லியிருப்பேன்" என்றேன். "அப்ப செரி" என்றார். மறுநாள் அவர் அம்மாவோடு வந்து புதுத் தேதி குறித்தார். அத்தைக்கு விஷயத்தை நானே சொன்னேன். கொஞ்ச நேரம் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெட்டாம உட்டாளே அந்த டாக்டரு, நல்லா இருக்கட்டும்" என்றார்கள். உங்களிடம் சேர்த்துவிட்டேன்.

உங்கள் டிசம்பர் கடிதம் இல்லாவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் மட்டும் சும்மா இருந்திருந்தால் இந்நேரம் எனக்குப் பாதி முகம் இருந்திருக்காது. இதுவும் தெரியும். இரண்டும் சேர்ந்தே தெரிகிறது. கோபம் வரும்போது இது ஞாபகம் வருகிறது, நன்றி சொல்ல உட்கார்ந்தால் அது ஞாபகம் வருகிறது. என்ன செய்வது?

போட்டோ போடுங்கள். எந்த ஊரிலாவது ஒரு பெண்ணின் முகம் தப்பும் என்றால் போடுங்கள்.

இப்போது எழுத வந்த காரியம். என்னோடு பேக்கிங்கில் எல்லம்மா என்று ஒருத்தி இருக்கிறாள். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள். முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள். மார்பில் கட்டி இருப்பதாக முந்தாநாள் என்னிடம் சொன்னாள். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லவில்லையாம். தொட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை என்கிறாள், கல் மாதிரி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அவள், "டாக்டருங்க இன்னா நம்மகிட்டயா சொல்லப் போறாங்க, ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிட்டுப் பூடுவாங்க. நான் வர்ல" என்று அழுதாள். நான், "எங்கக்கா சொல்லுவாங்க, வா" என்று கையைப் பிடித்து அழைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ரயிலில் இருவரும் வருகிறோம். அவள் வீட்டுக்காரரையும் கூட்டி வருவேன். ஆனால் அவர் வெளியே பெஞ்சில் இருக்கட்டும். நல்லதோ கெட்டதோ, எதுவாக இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்து அவளிடம் முதலில் சொல்லுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

பகல் சாப்பாட்டை நானே கட்டிக்கொண்டு வருகிறேன். மூன்று மணி வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
ஞானம்மா சாலமோன்